ஷெட்டில் தொங்கிய எஞ்சின்

ஸ்ரீவில்லிபுத்தூரில் சம்பந்தி வீட்டு வாசலை விட்டுக் கிளம்பிப் பதினைந்து வீடுகூடத் தாண்டியிருக்க மாட்டோம். கார் ஒரு தடவை இருமியது. பிறகு குலுங்கியது. கடைசியாகத் தெரு முழுக்கக் கறுப்புப் புகையைக் கக்கிவிட்டு நட்டநடுவில் நின்றுவிட்டது.

பின் சீட்டில் என் பக்கத்தில் என் மகள் நித்யா. ஒன்பதாம் மாதம். இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையல், தலை நிறைய மல்லிகை, மடியில் தேங்காய் பழம். காருக்குள் பூ வாசனையும் டீசல் வாடையும் கலந்து எனக்கே குமட்டியது. பிள்ளைத்தாய்ச்சிக்கு எப்படி இருந்திருக்கும்?

"அம்மா, எறங்கிக்கிடவா?" என்றாள்.

"எறங்கி எங்கட்டீ போவ?" என்றேன்.

கோபத்தில் சொல்லவில்லை. நிஜமாகவே அவளுக்குப் போக இடமில்லை. வளைகாப்பு முடிந்து பிறந்த வீட்டுக்குப் புறப்படுகிற பெண் 'போயிட்டு வாரேன்' என்று சொல்லக் கூடாது. திரும்பிப் பார்க்கக் கூடாது. வாசலைத் தாண்டிவிட்டால், கையில் பிள்ளையோடுதான் மறுபடி அந்த வாசலில் கால் வைக்க வேண்டும். எங்கள் பக்கத்து வழக்கம் இது. வழக்கத்தை ஏற்படுத்தினவர்கள் யாரும் என் வீட்டுக்காரர் எஞ்சின் மாற்றிய காரில் ஏறினவர்கள் இல்லை.

அவர் முன்னால் உட்கார்ந்து சாவியைத் திருகிக்கொண்டே இருந்தார்.

"செத்த நேரம் பொறு" என்றார்.

கல்யாணமாகி இருபத்தெட்டு வருடத்தில் அவர் என்னிடம் அதிகமாகச் சொன்ன வார்த்தை அதுதான்.

வாடகைக் கார் வேண்டாமாம்

இவரைப் பற்றி இந்தப் பத்தியில் நான் எழுதுகிற வாரமெல்லாம் "சாரைக் கொஞ்சம் விட்டுப் பிடியுங்கள்" என்று உங்களில் சிலர் கடிதம் போடுகிறீர்கள். இந்த வாரத்தைப் படித்துவிட்டு அதே கடிதத்தைப் போடுங்கள், பார்க்கிறேன்.

பட்டாளத்தில் பதினேழு வருடம் ஒர்க்‌ஷாப்பில் இருந்தவர். லாரி, ஜீப் என்று தான் கழற்றாத எஞ்சினே இல்லை என்பார். கழற்றினார், சரி. திரும்ப மாட்டினது யார் என்று நான் கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டும்.

பென்ஷன் வாங்கி ஊரோடு வந்த புதிதில் வாங்கின டீசல் கார் அது. நித்யாவுக்குக் கல்யாணமாகி மூன்று வருடத்தில் அதற்கு மூச்சிரைப்பு வந்துவிட்டது. "எஞ்சின் முடிஞ்சுபோச்சு, வேற மாத்தணும். பத்து நாள் வண்டிய விட்டுட்டுப் போங்க" என்றார் டவுனில் ஒரு மெக்கானிக். அவ்வளவுதான். தன் வீட்டு வண்டியை இன்னொருவர் கழற்றுவதா என்று இவருக்கு ரோஷம் வந்துவிட்டது.

வாடகைக் கார் வைத்துக்கொள்வோம் என்று கரடியாய்க் கத்தினேன்.

"எம் புள்ளய வாடகை வண்டியிலயா கூட்டிட்டு வருவாக?" என்றார். "அப்படியே கூட்டியாந்தாலும், திடீர்னு வலி கண்டா என்ன செய்வ?"

அது மட்டும் நியாயமான கேள்வி. எங்கள் வீடு ராஜபாளையத்தில் அய்யனார் கோயிலுக்குப் போகிற பாதையில், ஊர் முடிந்து தோப்பு தொடங்குகிற இடத்தில் இருக்கிறது. கூப்பிட்ட நேரத்துக்கு ஆட்டோ வராது. அதையேதான் சம்பந்தியம்மா கோமதியும் போனில் கேட்டார்.

"வண்டி நல்லா இருந்துச்சுன்னா கூட்டிட்டுப் போங்க மதினி. இல்லேன்னா பிரசவம் இங்கயே இருக்கட்டும். நமக்கு ஆஸ்பத்திரி நடக்கிற தூரந்தான்."

தன்மையாகத்தான் சொன்னார். ஆனால் எனக்குத் திக்கென்றது. மாப்பிள்ளையும் பட்டாளத்தில், வடக்கே எங்கேயோ. மூன்று வருடத்தில் நித்யா எங்கள் வீட்டில் சேர்ந்தாற்போல் இரண்டு நாள் தங்கினதில்லை. இந்தப் பிரசவத்தை விட்டால் என் பிள்ளை என் வீட்டில் இருப்பது இனி எப்போது? அந்த ஆசை எனக்கு வெறியாகவே இருந்தது. அது முழுக்க இப்போது ஒரு காரை நம்பி நின்றது. கார் இவரை நம்பி நின்றது.

தலைக்கு மேலே

வீட்டை ஒட்டித்தான் என் ஷெட். ஆஸ்பத்திரிகளில் ரத்தம் ஒற்றுவதற்கு வைக்கிற காஜ் துணியை வெட்டி, மடித்து, கட்டுக் கட்டாகக் கட்டுகிற வேலை. ஆறு பெண்கள் வேலை பார்க்கிறார்கள். தூசி ஆகாது என்று செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டுத்தான் நான்கூட உள்ளே போவேன்.

ஒரு நாள் மகாராஜபுரத்தில் ஒரு சடங்கு வீட்டுக்குப் போய்விட்டுச் சாயங்காலம் திரும்பினேன். ஆறு பேரும் சுவரோரமாக ஒண்டி உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தார்கள். ஷெட்டின் இரும்பு உத்திரத்தில் செயின் புல்லி. அதில் ஒரு எஞ்சின், அவர்கள் தலைக்கு மேலே தொங்கியது.

"அக்கா, சார் இத எப்ப எறக்குவாரு?" என்றாள் மாரியம்மா, என்னிடம் பழைய ஆள்.

"எறக்குவாரு. அதுவரைக்கும் யாரும் தும்மிராதீக."

வெளியே வாசலில் கார் வாயைத் திறந்துகொண்டு நின்றது. இவர் அதற்குள் இடுப்பு வரைக்கும் குனிந்திருந்தார். மதுரையில் ஒரு பழைய சாமான் கடையிலிருந்து குட்டியானை லாரியில் வந்திறங்கியதாம் அந்த எஞ்சின். வீட்டில் வேறு எங்கும் அதைத் தாங்குகிற உத்திரம் இல்லையாம். "நாளைக்குச் சாயங்காலம் உள்ள போயிரும்" என்றார்.

ஒன்பது நாள் தொங்கியது.

அதே மாடல்தான், ஆனால் வேறு வருடத்து எஞ்சின். அதைத் தாங்கிப் பிடிக்கிற கால் இரண்டு விரற்கடை தள்ளி இருந்தது. "ரெண்டு வெரக்கடதானே, ஒரு வெல்டு வச்சாப் போச்சு" என்றார். வெல்டிங்காரர் வாரேன் வாரேன் என்று நாலு நாள் போக்குக் காட்டினார். அதற்குள் எஞ்சின் அடியிலிருந்து ஆயில் சொட்டி, வெள்ளைவெளேரென்று இருந்த ஒரு பேல் துணி, ஒரு பொதி முழுக்க, பாழ்.

"ஒரு சொட்டுத்தானட்டீ" என்றார்.

"ஆஸ்பத்திரித் துணியில ஒரு சொட்டா! நெஞ்சுல கைய வச்சுச் சொல்லுங்க, ஒங்க புண்ணுல அத வைப்பீகளா?"

அவர் அந்தப் பேலிலேயே கையைத் துடைத்துக்கொண்டார்.

எஞ்சின் ஒரு வழியாக உள்ளே போனது. அடுத்து டீசல் பைப். அதை மாட்டினார், இறுக்குகிற கிளிப்பைப் போட மறந்தார். முதல் தடவை சாவியைத் திருகியதும் டீசல் பீச்சாங்குழல் மாதிரி பாய்ந்தது. கொடியில் என்ன காய்ந்தது தெரியுமா? பிறக்கப்போகிற பிள்ளைக்காக நான் பழைய வேட்டியெல்லாம் கிழித்து, வெந்நீரில் அலசிப் போட்டிருந்த துணிகள். நாலு தடவை துவைத்தும் வாடை போகவில்லை. ஐந்தாம் தடவை துவைக்கும்போது அழுதேவிட்டேன்.

எல்லாம் முடிந்தது என்று அவர் சொன்ன அன்று, சமையலறையில் ஒரு எவர்சில்வர் டம்ளரில் ஐந்து போல்ட் கிடந்தது. காபி குடிக்கிற டம்ளர்.

"இது எங்க மாட்டணும்?"

"அது எச்சு. கம்பெனிக்காரன் தேவைக்கு மேல போட்டிருக்கான்."

தலையில் அடித்துக்கொண்டேன். வேறு என்ன செய்ய?

பத்துத் துணி

இதற்கு நடுவில் நடந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சொல்ல எனக்குப் பிடிக்கவில்லை. அதில் என் பங்கும் இருக்கிறது.

எஞ்சின் திறந்து கிடக்கும்போது அதற்குக் காற்று போகிற வழி, ஆயில் போகிற வழி எல்லாம் வாயைப் பிளந்துகொண்டு இருக்கும். தூசி விழாமல் அடைத்து வைக்க வேண்டும். வேறு ஊரில் என்றால் கிழிந்த பனியனைச் சுருட்டிச் செருகுவார்கள். எங்கள் ஊரில் கையை நீட்டினால் காஜ் துணி.

"நூல் பிரியாத துணியா ஒரு கட்டுக் குடு" என்றார். கொடுத்தேன்.

"பத்து இருக்கு. பத்தும் எங்கைக்கு வரணும்" என்றும் சொன்னேன்.

என் வேலையில் பத்து என்பது விளையாட்டு இல்லை. ஆபரேஷன் தொடங்கும் முன் நர்ஸ் துணியை எண்ணுவார். வயிற்றைத் தைக்கும் முன் மறுபடி எண்ணுவார். ஒன்று குறைந்தால் தைக்க மாட்டார்கள், தேடுவார்கள். நான் கட்டுகிற கட்டில் ஒன்பதுதான் இருந்தது என்று வையுங்கள், எங்கேயோ ஒரு ஊரில், இல்லாத துணியை ஒரு மனுஷன் வயிற்றுக்குள் தேடிக்கொண்டிருப்பார்கள்.

ஷெட் ஆரம்பித்த புதிதில் அப்படி ஒரு கட்டு போய்விட்டது. முழு லோடையும் திருப்பி அனுப்பினார்கள். மூன்று நாள் உட்கார்ந்து ஒவ்வொரு கட்டாகப் பிரித்து எண்ணினேன். என் விரல்கள் அதற்குப் பிறகு தூக்கத்திலும் எண்ணும் என்று நித்யா கேலி செய்வாள்.

அப்பேர்ப்பட்ட நான் என்ன செய்தேன்? வளைகாப்புக்கு முந்தின நாள் வளையல்களை நிறம் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தேன். இவர் வந்து ஆயில் ஊறின துணிகளைச் சுருட்டி என் முன்னால் நீட்டினார். "இந்தா ஒன் துணி." புது வளையலில் கறை பட்டுவிடும் என்று எரிச்சலில், இரண்டு விரலால் பிடித்து நேரே குப்பையில் போட்டேன். எண்ணவில்லை.

அன்று சாயங்காலம் கார் முதல் சாவிக்கே பிடித்துக்கொண்டது. இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, தெருவில் இரண்டு சுற்றுச் சுற்றிவந்தார். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் புறப்பட்டோம். வழியில் டவுன் பஸ் எங்களை முந்தியது. செங்கல் ஏற்றின டிராக்டரும் முந்தியது. பின்னால் லேசாகப் புகை.

"இழுக்கவே மாட்டேங்குதே" என்றேன்.

"புது எஞ்சின். செட்டாகணும்."

"பழைய எஞ்சின்தான வாங்கினீக?"

"நம்ம வண்டிக்குப் புதுசுதான?"



சன்னலில் நின்ற முகம்

இனி நடுத்தெருவுக்கு வருகிறேன். மணி மூன்றே முக்கால். நாலரைக்கு ராகு காலம். அதற்குள் வீடு போய்ச் சேர வேண்டும்.

இவர் பானட்டைத் திறந்து டீசல் பைப்பைக் குடைந்துகொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன். புகை கறுப்பு. மூச்சு முட்டுகிற சத்தம். எனக்கு எஞ்சினைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் அடைத்து வைத்த துணி என்று ஒன்று நினைவுக்கு வந்தது.

"குடுத்தது பத்து. திரும்ப வந்தது எத்தன?" என்றேன்.

"அத இப்பக் கேக்கியா? கோளாறு டீசல்ல."

"காத்து போற குழாயத் தொறங்க."

"ஒனக்கு என்ன தெரியும்?"

"தொறங்கன்னு சொன்னேன்!"

திறந்தார். இரண்டு விரலை உள்ளே விட்டார். வந்தது. கன்னங்கரேலென்று, ஆயில் சொட்டச் சொட்ட, நான் கட்டிக் கொடுத்த பத்தில் ஒன்று. குழாயின் ஒரு வளைவில் ஒதுங்கிக் கிடந்திருக்கிறது. வண்டி ஓட ஓட உறிஞ்சப்பட்டு வந்து எஞ்சினின் மூச்சை அடைத்துவிட்டது.

அவர் முகம் செத்துப்போயிற்று. பானட் மறைவில் எங்கள் இரண்டு பேரைத் தவிர யாரும் பார்க்கவில்லை.

"மடியில சொருகிக்க" என்றார் மெதுவாக. "சம்பந்தி வீட்டுல தெரிஞ்சா புள்ளய அனுப்ப மாட்டாக."

அதுவும் நிஜம்தானே? பட்டுச்சேலை பாழாவதைக்கூடப் பார்க்காமல் இடுப்பில் செருகிக்கொண்டேன். ஆமாம், செருகிக்கொண்டேன்.

அதற்குள் விருந்துக்கு வந்திருந்த கூட்டம் பாதி காரைச் சுற்றி வந்துவிட்டது. முன்னால் வந்தவர் கோமதியம்மாவின் ஓரகத்தி. புருஷனோடு வாழ்கிற மூத்த மருமகள் என்று அன்று முழுக்க மணைக்கு அருகில் நின்று முதல் வளையல் போட்டவரும் அவர்தான். எல்லோருக்கும் பின்னால், கொஞ்சம் தள்ளி, கோமதியம்மா. கையில் ஒரு சொம்புத் தண்ணீர். நித்யாவுக்கு வெயிலில் நா வறளுமே என்று ஓடி வந்திருக்கிறார்.

விடியலிலிருந்து ஏழு வகைச் சோறும் கிண்டியது கோமதியம்மா. ஆனால் மணைக்குப் பக்கத்தில் அவர் வரவில்லை. அடுக்களைக் கதவோரமாகவே நின்றார். புருஷனை இழந்தவர். நானும் பார்த்தேன். வாங்க மதினி, நீங்களும் ஒரு வளையல் போடுங்க என்று கூப்பிடத் தோன்றவில்லை எனக்கு. ஊரில் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன்.

ஓரகத்தி குரலைத் தாழ்த்தாமலே சொன்னார்.

"நான் அப்பவே பாத்தேன். வண்டி நகரும்போது சன்னல்ல வந்து நின்னா இவ. தாலியறுத்தவ நல்ல காரியத்துல மூஞ்சியக் காட்டினா வண்டி நிக்காம என்ன செய்யும்?"

இரண்டு பேர் தலையை ஆட்டினார்கள். கோமதியம்மா சொம்பை ஒரு வீட்டுப் படியில் வைத்தார். யார் முகத்தையும் பார்க்காமல் திரும்பி நடக்க ஆரம்பித்தார்.

நான் பேசாமல் நின்றால் காரியம் முடிந்தது. பழி சகுனத்தின் மேல். வண்டி இதோ கிளம்பிவிடும். பிள்ளை என் வீட்டில். இவர் என்னைப் பார்த்த பார்வையும் அதைத்தான் கெஞ்சியது. இடுப்பில் ஆயில் ஊறி இறங்குவது தொடை வரைக்கும் தெரிந்தது.

எனக்கு வந்த ஆத்திரம் யார் மேல் என்று இன்று வரைக்கும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. இவர் மேல், அந்த ஓரகத்தி மேல், என் மேல், எல்லாமாகச் சேர்ந்து வந்தது.

"மதினி, நில்லுங்க!" என்று கத்தினேன்.

தெருவே திரும்பியது. துணியை உருவி எல்லோர் முன்னாலும் விரித்துப் பிடித்தேன்.

"வண்டி நின்னது இதால. எங்க ஷெட்டுத் துணி. எஞ்சின் வாயில அடச்சு வச்சிட்டு எடுக்க மறந்தது இவரு. திரும்ப வந்தத எண்ணாம குப்பையில போட்டது நானு. சன்னல்ல யாரு நின்னா இதுக்கென்ன?"

ஓரகத்தி ஒரு நிமிஷம்தான் அசந்தார்.

"நல்லாருக்கு! இம்புட்டு லட்சணமான வண்டியிலயா ஒம்பது மாசப் புள்ளத்தாச்சிய அனுப்பணும்? கோமதி, ஒரு பரிகாரம் செஞ்சு புள்ளய உள்ள கூப்பிட்டுக்க. பிரசவம் இங்கயே நடக்கட்டும்."

போயிற்று என்று நினைத்தேன். மூன்று மாத ஆசை, தொங்கின எஞ்சின், ஐந்து தடவை துவைத்த துணி எல்லாம் என் வாயாலேயே போயிற்று. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

கோமதியம்மா திரும்பி வந்தார். என் கையிலிருந்த துணியைப் பார்த்தார். பிறகு இவரிடம் கேட்டார்.

"அண்ணே, உள்ள இன்னும் ஏதும் இருக்கா?"

"இல்லம்மா. எந் தப்புதான். நாந்தான் எடுத்திருக்கணும்."

இருபத்தெட்டு வருடத்தில் என்னிடம் ஒரு தடவை சொல்லாத வார்த்தையைச் சம்பந்தியிடம் எவ்வளவு சுளுவாகச் சொன்னார் பாருங்கள்.

குழாயை மாட்டிச் சாவியைத் திருகினார். எஞ்சின் பிடித்தது. புகை இல்லை. காலையிலிருந்து கேட்காத ஒரு சீரான சத்தம்.

"கூட்டிட்டுப் போங்க மதினி" என்றார் கோமதியம்மா. "அவளுக்கு அங்க வரணும்னு எம்புட்டு ஆசைன்னு எனக்குத் தெரியும். நான்தான் வண்டி, ஆஸ்பத்திரின்னு சாக்குச் சொல்லிக்கிட்டு இருந்தேன். இவ போயிட்டா அந்த வீட்டுல பேச்சுக் குடுக்க ஆள் கெடையாது."

சொல்லிவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். என் பிள்ளை, என் பிள்ளை என்று நான் மட்டும்தான் தவித்ததாக அதுவரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கார் முன் கதவைத் திறந்தேன். முன் சீட்டில் சித்திரான்னத் தூக்குகள் இருந்தன. எடுத்துப் பின்னால் போட்டேன்.

"ஏறுங்க மதினி."

"நானா? நல்ல காரியத்துல நான் போயி முன்னால..."

"வண்டி மறுபடி நின்னா பழி போட ஆளு வேணும்ல? நீங்க உள்ள இருந்தீகன்னா சன்னல்ல யாரும் நிக்க மாட்டாக, இவரு ஒருத்தருதான் பாக்கி."

பின் சீட்டில் நித்யா வளையல் குலுங்கச் சிரித்தாள். "ஏறுங்க அத்தை, நேரமாகுது" என்றாள்.

கோமதியம்மா அந்தத் தெருவை ஒரு தடவை பார்த்தார். ஓரகத்தி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் கோமதியம்மா முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து, அந்தப் பழைய கதவைத் தானே இழுத்து ஓங்கிச் சாத்தினார்.

"போவோம்ண்ணே" என்றார்.